ஒரு சாண் புறம்போக்கு

ஆயிரத்து நானூறு மெகாஹெர்ட்ஸிலிருந்து
ஆயிரத்து நானூற்று இருபத்தேழு வரை
யாருக்கும் பட்டா கிடையாது.
ஏலத்துக்கும் வராது.
போலீசுக்கு இல்லை, கப்பலுக்கு இல்லை,
அதைக் காக்கச் சம்பளம் வாங்கும்
எனக்கும் இல்லை.
அங்கே கேட்கலாம். பேசக் கூடாது.

அலையின் நீளம் ஒரு சாண்.
கையை விரித்துப் பாருங்கள்,
கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி.
நட்சத்திரங்களுக்கு நடுவே சும்மா கிடக்கும் ஹைட்ரஜன்
அந்த அளவில்தான் முனகுகிறது.
பள்ளத்தூர் மண்ணும்
அதே அளவில்தான் தன் ஈரத்தைச் சொல்கிறது,
நனைந்தால் மெல்ல,
காய்ந்தால் உரக்க.
இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை
மேலே போகும் செயற்கைக்கோள்
காது கொடுத்துவிட்டுப் போகும்.

ஐப்பசியில் புகார் வந்தது.
மூன்று நாள் அடைமழை, கண்மாய் மறுகால் பாய்கிறது,
படத்திலோ இந்த வட்டாரம்
பணியாரத்துக்குக் காயவைத்த எண்ணெயாய்க் கொதிக்கிறது.
எந்த மண்ணும் அவ்வளவு சுடாது.
கீழேயிருந்து யாரோ கத்துகிறார்கள்.

இருதயராஜ் ஜீப்பை ஊர்ந்து ஓட்ட
ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி நான் வழி சொன்னேன்.
முகம் ஒரு தெருவில், முதுகு அடுத்த தெருவில் வைத்த வீடுகள்.
ஒன்றைச் சுற்றிவர ஒரு பாட்டு முடிந்துவிடும்.
"என்னம்மா, மீன்முள்ளைத் தூக்கிட்டு அலையுறீங்க?"
டீக்கடையில் கேட்டார்கள்.
சிரித்து முடிப்பதற்குள்
திரையில் ஒரு பனைமரம் எழுந்தது.

பூட்டிய வீடு.
காவலுக்கு இருக்கும் பெரியணன்
கொத்தில் பதினோராவது சாவியால் திறந்தார்.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி,
கடைசியில் பின்வாசல் உத்தரத்தில்
சோப்புப்பெட்டி அளவில் ஒரு கேமரா,
அதன் வாலில் ஒரு குட்டி ஆன்டெனா.
"போன வருசம் ஒரு கதவைப் பேத்துட்டுப் போயிட்டானுங்க.
அதான் முதலாளி மாட்டச் சொன்னாரு."

கிள்ளானில் இருந்துகொண்டு அடைக்கப்பன்
கைபேசியில் விடிய விடியப் பார்ப்பது
ஆளில்லாத பின்கட்டை.
தூணின் நிழல் நகர்கிறது.
ஒரு பல்லி வருகிறது. நிற்கிறது.
அந்தப் பல்லிதான்
எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில்
மூன்று நாள் மழையை மறைத்துவிட்டது.

போன் போட்டுக் கொடுத்தார் பெரியணன்.
"வயர் இழுங்களேன் சார், இதை நிறுத்தணும்."
"இருநூறடி வீடும்மா. ஏழு சுவரைத் துளைக்கணும்.
முட்டை வெள்ளைக்கருப் பூச்சு,
ஆணிகூட இறங்கினதில்ல.
கண்ணாடி மாதிரி வச்சிருக்கோம்."

சட்டப்பிரிவும் அபராதமும் பையில்தான் இருந்தன.
ஏனோ வாயில் வேறு வந்தது:
"எனக்கும் அப்படி ஒரு சுவர் இருக்கு சார்.
ஒரு சாண்தான்.
அதுலயும் ஆணி அடிக்கக் கூடாது."
கிள்ளானில் கொஞ்ச நேரம் மழைச்சத்தம்.
"எங்கம்மா இருக்கு?"
"உங்க தலைக்கு மேலயும் போகுது."

ஓட்டுச்சரிவில் மழைத்தண்ணீர் ஓடும் தகரத்தோடு
வயரும் போகட்டும் என்று முடிவானது.
காரைக்குடியில் எழுபது மீட்டர் வாங்க
இருதயராஜ் போனான்.

பெட்டியை அணைத்தேன்.
பனைமரம் விழுந்தது.
பச்சைக்கோடு தரையோடு படுத்துக்கொண்டது.

வேலை முடிந்ததுதான்.
ஆனாலும் வளவின் நடுவில் வானம் திறந்திருக்க
கூம்பு ஆன்டெனாவை மேல்நோக்கி வைத்துக்
கால்மணி நேரம் சேர்த்துக்கொண்டே இருந்தேன்.
ஆயிரத்து நானூற்று இருபதில்
எறும்புப்புற்று உயரத்துக்கு
ஒரு மேடு.

எட்டிப் பார்த்த பெரியணன்
"அணைச்சப்புறமும் ஏதோ வருதே" என்றார்.
"இது அணைக்கிறது இல்ல" என்றேன்.
"அப்ப யாரு வீட்டுது?"

வெள்ளிக்கிழமைப் படத்தில் பள்ளத்தூர் குளிர்ந்திருந்தது.
கண்மாய் கண்மாயாக இருந்தது.
புதுவயல் பக்கம் மட்டும்
கடுகளவு சிவப்பு.
இருதயராஜுக்குப் போன் செய்து
டீசல் இருக்கிறதா என்று கேட்டேன்.